கள விசாரணை

செவ்வாய்க்கிழமை ஆர்.ஐ. வருகிறார் என்று
நாங்குநேரி தாலுகா ஆபீசிலிருந்து வந்த தலையாரி
சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிப்போனார்.

அம்மா மடியிலிருந்த பீடித்தட்டை இறக்கிவைத்தாள்.
"ஏட்டி, அந்தப் படத்தக் கழட்டு."

ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டிருந்தவர்
பழைய சேலைக்குள் சுருண்டு
அரிசி டிரம்முக்குள் இறங்கினார்.
ஜிப் வைத்த கறுப்புப் புத்தகமும் கூடவே.
கல்யாண போட்டோவில் அப்பாவுக்குப் பின்னால்
பாதிச் சிலுவை தெரிகிறது;
அதையும்.

சுவரில் ஆணி நின்றது.
அதன் கீழே, பதினோரு வருடம்
அடுப்புப்புகை படியாத வெள்ளைச் சதுரம்.

மேலப்பாளையம் ஜவுளிக்கடையில்
தை பிறக்குமுன் மூன்று காலண்டர் அடித்துவிடுவார்கள்.
மைதீன் பிச்சை முதலாளி ஒவ்வொருவரிடமும் கேட்பார்:
மக்காவா, மேய்ப்பரா, முருகனா?
இந்த வருடம் அம்மா இரண்டு கேட்டாள்.
அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.

ஆனால் முருகன் சின்னவர்.
நாலு பக்கமும்
சதுரம் அவரைத் தாண்டி நின்றது.

தாளில் நான் மு. இசக்கியம்மாள்.
ஞாயிறு ஒன்பது மணிக்கு ஜெபசீலி.
அப்பா இரண்டு இடத்திலும் முத்தையா;
செங்கல் சூளையில் அவருக்கு
இன்னொரு பெயருக்கு நேரம் கிடைக்கவில்லை.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது சட்டம்.
எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு
அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை.
அப்பா படுத்திருப்பது குட்டைச்சுவருக்கு மேற்கே,
உடைமுள் பக்கம்.
அந்த இடத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.
போதகர் நல்லவர்தான், குரல் தழுதழுக்க ஜெபித்தார்,
சுவருக்குக் கிழக்கே நின்று.

நர்சிங் சேர எனக்கு அந்தத் தாள் வேண்டும்.

ஆர்.ஐ. ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார்.
"கொடைக்கு எந்தக் கோயில்?"
"இசக்கியம்மன்தான் சார். ஆடி கடைசிச் செவ்வாய்."
பொய்யில்லை.
மாமா வீட்டுப் பொங்கலுக்கு அம்மா விறகு தள்ளுவாள்,
பிரசாதம் வாங்கமாட்டாள்,
சில வருடம் வாங்கியும் இருக்கிறாள்.
மஞ்சணை பூசிய அந்த முகத்தைப் பார்த்தால்
அவளுக்கு இன்னும் அடிவயிறு கலங்கும்.

"வீட்ல சிலுவை கிலுவை?"
"பாருங்க சார்."

பார்த்தார். முருகனை.
பிறகு முருகனுக்கு வெளியே இருந்ததை.

நான் டீயோடு பிஸ்கட் வைத்தேன்.
தம்பிக்கும் ஒன்று கொடுத்தேன்;
அங்கேதான் பிசகிப்போயிற்று.
ஐந்து வயது.
பிஸ்கட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து
கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.
உதடு அசைந்தது.

வள்ளியூர் ரோட்டில் ஒரு லாரி
வந்து, கடந்து, ஓய்ந்தது.
அம்மாவின் கை, நகக்கண்ணில் புகையிலைத் தூளோடு,
முழங்கால்மேல் அப்படியே இருந்தது.

ஆர்.ஐ. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.
டீயில் ஆடை படிந்தது.
தம்பி கண்ணைத் திறந்து கடித்தபிறகுதான்
ஒரு மிடறு குடித்தார்.
"சீனி சரியா இருக்கு" என்றார், யாரிடமோ.
எழுதினார்.
தலைகீழாக வாசிக்க எனக்கு வரவில்லை.

படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"கொஞ்சம் பெரிய காலண்டரா வாங்குங்கம்மா."

அது இரக்கமா நக்கலா என்று
ஆயிரம் பீடி சுற்றி முடியும்வரை
அம்மா யோசித்தாள்.
படத்தை எடுத்து மாட்டியபோது
கண்ணாடியெல்லாம் தவிடு.
முருகனைக் கழற்றவில்லை, பக்கத்துச் சுவருக்கு மாற்றினாள்.
தேதி பார்க்க வேண்டுமே என்றாள்.

நாற்பத்திரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது.
இந்து, ஒரு கோடு, பிறகு எங்கள் சாதி.
அம்மா விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்று,
பீடிக் கம்பெனி பாஸ்புக் இருக்கும் இடத்திலேயே,
அந்தக் கறுப்புப் புத்தகத்தின்
மெல்லிய தாள்களுக்கு நடுவில் வைத்து
ஜிப்பை இழுத்தாள்.

மழை இறங்காத, கரையான் ஏறாத இடம்
எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.